முப்பது வீசை

சபியுல்லா பாயிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "சரி." இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றால் சரி. போதுமா என்றாலும் சரி. மழை வரும் போலிருக்கிறதே பாய் என்றால் அதற்கும் சரி. எதற்குச் சரி என்றார் என்று யோசித்தால் நமக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். மீரான் சாகிபு சாப்பாட்டுக் கடையில் மத்தியானமும் ராத்திரியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது எல்லாவற்றையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். விலாசம் எழுதவும் இடம் மிச்சமிருக்கும்.

என் பெயர் மருது. காரைக்குடியில் தேனம்மை ஆச்சி வீட்டு மோட்டார் டிரைவர். செட்டியார் ரங்கூனில் இருந்தார், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் ஆச்சி சொன்னதுதான் சட்டம். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முன்கோபக்காரன். வாய்க்கு வந்ததை முதலில் கொட்டிவிட்டுப் பிறகு உட்கார்ந்து யோசிக்கிற ரகம். இந்தக் கதையில் பாய் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, நான் செய்தது ஒன்று இருக்கிறது. இரண்டில் எது பெரியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பாய் காரைக்குடிக்கு வந்ததே ஒரு கதவோடுதான். ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் மோட்டார் கொட்டகைக் கதவு தானாகத் திறப்பதைச் செட்டியார் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு மனசு கேட்குமா? நம் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று அங்கே ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தார். அந்தப் பட்டறையில் பாய் பிட்டராக இருந்தார். கதவு வேலை முடிகிற சமயத்தில் அவர் மனைவி வாந்திபேதியில் போய்விட்டாளாம். ஆள் வேலைக்கு வருவார், கையில் திருப்புளியை எடுப்பார், எடுத்தபடியே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாராம். "ஊர்க்காற்றுப் பட்டால் தெளிந்துவிடுவான், கதவோடு இவனையும் அனுப்பி வை" என்று செட்டியார் சொல்லிவிட்டார்.

இது நடந்தது 1929-இல். கதவு பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது, பாயும் வந்தார். கதவை மாட்டினார். திரும்பிப் போகவில்லை. சொந்த ஊர் தொண்டிப் பக்கம், அங்கேயும் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு, பூட்டு என்று எது வந்தாலும் ரிப்பேர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கை மட்டும்தான் ஊருக்கு வந்திருக்கிறது, ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்று மீரான் சாகிபு கேலி செய்வார். பாய் அதற்கும் சரி என்பார்.

கதவு எப்படி வேலை செய்யும் என்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. மோட்டார் நுழைகிற அகலத்துக்கு ஒரே தேக்குக் கதவு. பக்கவாட்டில் திறக்காது, நேராக மேலே போகும். இரண்டு பக்கத்துச் சுவருக்குள்ளும் மேலிருந்து கீழ்வரை ஒரு பொந்து. பொந்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். குண்டில் கட்டிய கம்பிவடம் உச்சியில் ஒரு கப்பி வழியாகத் திரும்பி வந்து கதவின் ஓரத்தைப் பிடித்திருக்கும். இரண்டு குண்டும் சேர்ந்தால் கதவைவிடச் சற்றுக் கனம். ஆகவே கதவுக்கு எப்போதும் மேலே போகத்தான் ஆசை, ஒரு கொக்கிதான் அதைக் கீழே பிடித்து நிறுத்தியிருக்கும். வாசலில் தரையோடு தரையாக ஓர் இரும்புத் தகடு. மோட்டாரின் முன்சக்கரம் அதில் ஏறினால் கொக்கி விடுபடும், குண்டுகள் இறங்கும், கதவு ஏறும். நான் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம்.

முதல் ஆறு மாசம் பின்தெருவில் இதைப் பார்க்கவே கூட்டம் நின்றது. நானும் வேண்டுமென்றே இரண்டு தடவை கூடுதலாக வெளியே போய் வந்தேன். ஆச்சிக்கு மட்டும் அந்தக் கதவு பிடிக்கவில்லை. "ஆளு தொடாமத் தொறக்கிறது என்ன கதவு? வீட்டு லட்சுமி தானா எந்திரிச்சு வெளிய போறதுக்கா?" என்பார். வெள்ளிக்கிழமையானால் அந்தத் தகட்டின் மேல் சக்கரம் ஏறக்கூடாது. அன்றைக்கு மோட்டார் தெருவில்தான் நிற்கும்.

ஆறு வருஷம் கதவு ஒரு தகராறும் செய்யவில்லை. 1935 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கச் சுவருக்குள் தண்ணீர் இறங்கி, வடம் துருவேறி ஒருநாள் காலையில் அறுந்தது. குண்டு பொந்துக்கு அடியில் இருந்த கருங்கல்லில் விழுந்து உடைந்தது. வார்ப்பிரும்பு, மறுபடி ஒட்டாது. ரங்கூனுக்கு எழுதி வேறு வர வேண்டுமானால் இரண்டு மாசம். ஆச்சி பாயை வரச் சொன்னார்.

"இங்கனயே ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் ஆச்சி. ஒடஞ்ச இரும்ப மண்ணெண்ணெய் டின்னுக்குள்ள அடைச்சுப் பட்டை போட்டு இறுக்கிட்டா அதுவே குண்டு. எடைதான் சரியா இருக்கணும்."

"எடை எத்தனை?"

"முப்பது வீசை."

யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே சொன்னார். பொந்துக்குள் சில்லுச் சில்லாகச் சிதறியிருந்ததால் எல்லாம் அகப்படுமோ என்னவோ, அகப்படாவிட்டால் வேறு இரும்பு போட்டு முப்பது ஆக்கவேண்டும் என்றும் சொன்னார். அவர் அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம்.

அந்த வேலையைப் பெத்தனாசாரியிடம் கொடுத்தார்கள். மானகிரி போகிற சாலையில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். பட்டறை நின்ற இடம் ஆச்சி வீட்டுக்குச் சொந்தம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வண்டிப்பட்டை, கிணற்றுச் சங்கிலி, தாழ்ப்பாள் எல்லாம் அவர் கைதான். பேச்சில் கொஞ்சம் வெடுக்கென்று இருப்பார், வேலையில் ஏமாற்று கிடையாது. மழைக்குள்ளேயே பொந்தில் இறங்கிச் சில்லு விடாமல் பொறுக்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் டின் தயாராக இருந்தது. பாய் பட்டறைக்குப் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். நான் அதை மோட்டாரின் பின்சீட்டில் வைத்து எடுத்து வந்தேன். ஆச்சி உட்காருகிற சீட்டு. பார்த்திருந்தால் என்னை உரித்திருப்பார்.

சென்னையிலிருந்து புது வடம் வந்தது. பாய் எல்லாவற்றையும் மாட்டினார். மறுநாள் காலையில் நான் மோட்டாரை மெதுவாகத் தகட்டின் மேல் ஏற்றினேன். கொக்கி விடுபட்ட சத்தம் கேட்டது. கதவு முழங்கால் உயரம் ஏறியது. இடப்பக்கம் ஏறிய அளவுக்கு வலப்பக்கம் ஏறவில்லை. சாய்ந்து, முனகி, அப்படியே நின்றுவிட்டது.

மாடி ஜன்னலிலிருந்து ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மருது, கதவு ஒனக்குக் கும்புடு போடுதா?"

எனக்கு மானம் போயிற்று. பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏணியைப் போட்டு ஏறிவிட்டார்.

முதலில் வலப்பக்கக் கப்பியைக் கழற்றினார். துரு இருந்தது, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, மசகு போட்டு மாட்டினார். கதவு முழங்காலோடு நின்றது. அடுத்து, கதவு ஓடுகிற தடத்தில் கையை விட்டுத் தடவியதில் குளவிக்கூடு ஒன்று அகப்பட்டது. இதுதான் என்று நான் குதித்தேன். கூட்டை எடுத்த பிறகும் அதே முழங்கால். மழையில் தேக்கு ஊதியிருக்கும் என்று ஓரத்தை இழைத்தார். அதிலும் பலனில்லை. மழைக்குப் பிறகு கொத்தனார் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்து போட்டு மெழுகியிருந்தார். சாந்து கனத்துப்போய் டின் உரசுகிறதோ என்று அதையும் உளியால் கொத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் மோட்டாரை ஏற்ற வேண்டும், கதவு சாய வேண்டும், பாய் சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கழற்ற வேண்டும். பதினெட்டு நாள் இப்படிப் போயிற்று. மோட்டார் வேப்பமரத்தடியில் நின்று காக்கை எச்சமாகக் கிடந்தது. தினம் இரண்டு தடவை கழுவினேன், திட்டிக்கொண்டே.

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவர் அந்த டின்னை மட்டும் சந்தேகப்படவில்லை. எடை அவர் வாயால் சொன்னது. தான் சொன்ன கணக்கை யார்தான் போய்ச் சந்தேகப்படுவார்கள்?

பத்தொன்பதாம் நாள் என் பொறுமை போயிற்று. சாய்ந்து நின்ற கதவின் வலது மூலையைப் பிடித்து, "ஏறித் தொலை" என்று நானே மேலே தள்ளினேன். பிடித்திருந்தது எதுவோ விட்டது. கதவு ஒரு குலுங்கு குலுங்கி இறங்கியதில் என் இடது கையில் இரண்டு விரல்கள் கதவுக்கும் கல்தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பாய் வந்து கடப்பாரையால் கதவை நெம்பி என் கையை எடுத்தார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். வடத்துக்கு முடிச்சுப் போடும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது. ஐயோ என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. வலியைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

ஆச்சி அன்று சாயங்காலமே இரண்டு குண்டையும் கழற்றச் சொன்னார். பின்கட்டில் புளியும் விறகும் நிறுக்கிற பெரிய தராசு தொங்கியது. ஒரு தட்டில் பழைய குண்டு, ஒரு தட்டில் புது டின். டின் வைத்த தட்டு விர்ரென்று மேலே போய்விட்டது. அந்தத் தட்டில் படிக்கல்லை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தோம். கிட்டத்தட்ட ஐந்து வீசை வைத்த பிறகுதான் முள் நேராக நின்றது.

"பழைய குண்டு முப்பது வீசைதானே?" என்று ஆச்சி பாயைக் கேட்டார்.

"முப்பது ஆச்சி. நானே நிறுத்தேன்."

"அப்ப டின்னு இருபத்தஞ்சு."

முப்பதில் ஐந்து போனால் இருபத்தைந்து. இதற்கு மேல் டின்னைத் தனியாக வைத்து நிறுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் கத்தினேன். "ஆசாரி இரும்பத் திருடிட்டான் ஆச்சி! அந்தத் திருட்டுப்பய கையாலதான் என் கை போச்சு!"

பட்டறைக்குப் போனோம். மூலையில் ஒரு சாக்கு. அவிழ்த்தால் உடைந்த குண்டின் துண்டுகள். ஏறக்குறைய ஐந்து வீசை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாக்கை எடுத்துக்கொண்டு, பெத்தனாசாரியையும் கூட்டிக்கொண்டு ஆச்சி முன்னால் நிறுத்தினேன்.

"முப்பதுன்னு சொன்னாரு, முப்பது கட்டினேன் ஆச்சி" என்றார் பெத்தனாசாரி. "கட்டினது போக மீதி இருந்துச்சு. பாய் பட்டறைக்கு வந்தப்ப, மீதி கெடக்கே என்ன செய்யன்னு கேட்டேன். வச்சுக்கன்னாரு. பாய், சொல்லுங்க. வச்சுக்கன்னு சொன்னீகள்ல?"

எல்லாரும் பாயைப் பார்த்தோம். அவர் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்ல" என்றார்.

பொய் சொல்லவில்லை. அவரைத் தெரிந்த எனக்கு அது தெரியும். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லி அனுப்புகிற மனுஷர். கேட்டது காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் பெத்தனாசாரிக்கு அந்த ஒரு வார்த்தையில்தான் பிழைப்பே தொங்கியது. அவர் பாயின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டறையப் பிரிச்சுக்கிட்டு எடத்தக் காலி பண்ணிரு" என்றார் ஆச்சி.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடன் என்று சொன்னால் ஒன்பது வீட்டில் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். மறுநாளே இரண்டு வீட்டார் ஆள் அனுப்பிப் பாதி வேலையில் கிடந்த வண்டிச் சக்கரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மீரான் சாகிபு கடையில் நான் பாயிடம், "நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க பாய். வச்சுக்கன்னு சொன்னீகளா இல்லையா? ஒரு வார்த்தை, அவ்வளவுதான்" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை வாயில் வைக்கவும் இல்லை. "தெரியல மருது" என்றார்.

புதன்கிழமை பெத்தனாசாரி என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக எழுந்து நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. தலையெல்லாம் கூரைத் தூசி. பட்டறையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது.

"மருது, அந்த டின்னத் தனியா வச்சு நிறுத்துப் பாரு. நான் அங்குட்டு வரல. நீயே நிறு. அப்புறம் என்னத் திருடன்னு சொல்லு, கேட்டுக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுதும் ஒன்றும் ஓடவில்லை. திருடியவன் நிறுத்துப் பார் என்று வந்து நிற்பானா?

வியாழக்கிழமை விடிந்ததும் தோட்டக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு டின்னைத் தட்டில் ஏற்றினேன். முப்பது வீசை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முப்பதேதான். பிறகு பழைய குண்டை ஏற்றினேன். முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவு.

முப்பது என்று பாய் சொன்னதும் நிஜம், முப்பது என்று ஆசாரி கட்டியதும் நிஜம், நடுவில் ஒரு மனுஷனைத் திருடன் என்று ஊரைக் கூட்டிக் கத்தியது நான். ஆச்சியிடம் ஓடிச் சொன்னேன். ஆசாரிக்கு ஆள் அனுப்பினோம். பாயை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பாய், பழைய குண்டு முப்பத்தஞ்சு வீசை இருக்கு. நீங்க எப்படி முப்பதுன்னீக?"

"முப்பதுதான்."

"நான் இப்பத்தான் நிறுத்தேன்."

"இல்ல. முப்பது. பட்டறையில வார்த்து எடுத்தப்ப நான்தான் நிறுத்தேன். ரெண்டும் முப்பது, முப்பது."

அவர் என்னிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தராசில் ஏற்றிக் காட்டினேன். பார்த்தார். நம்பவில்லை. தட்டின் பக்கத்தில் கிடந்த ஐந்து வீசைப் படிக்கல்லை ஒரு கையால் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"இது அஞ்சு வீசை இல்ல. லேசா இருக்கு."

பெத்தனாசாரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. "கல்லுல சர்க்கார் முத்திர குத்தியிருக்கு பாய்! நான்தான் திருடன். இப்பச் சர்க்காரும் திருடனா?"

பாய் கல்லைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். பிறகு மெதுவாக அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அங்க வீசை பெருசு" என்றார்.

"எங்க?" என்றார் ஆச்சி.

"ரங்கூன்ல. இந்த ஊரு முப்பத்தஞ்சுதான் அங்க முப்பது. நான் அந்த ஊரு வீசையச் சொல்லிட்டேன் ஆச்சி. ஆசாரி இந்த ஊரு வீசையில கட்டியிருக்காரு. அவர் மேல தப்பில்ல. அவரு கேட்டிருப்பாரு. நானும் வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன்."

ஆச்சி ரங்கூன் பார்த்தவர் இல்லை. பணமும் கடிதாசும் அங்கிருந்து வரும், அவ்வளவுதான் அவருக்கு ரங்கூன். "வீசைன்னா வீசைதான். கப்பல் ஏறினா கூடிப் போகுமா?" என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆசாரியும் நம்பவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

பாய் எழுந்தார். சாட்சிக்காகப் பின்கட்டில் வைத்திருந்த சாக்கை அவிழ்த்தார். டின்னின் பட்டையைக் கழற்றி அந்தத் துண்டுகளையெல்லாம் உள்ளே அடைத்தார். அடைத்து இறுக்க ஆசாரியே கைகொடுத்தார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் வேலை என்று வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு குண்டையும் பழையபடி வடத்தில் மாட்டி முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் ஒற்றைக் கையால் மோட்டாரை முடுக்கித் தகட்டின் மேல் ஏற்றினேன். கொக்கி விடுபட்டது. கதவு சாயாமல், முனகாமல், மேலே போய் நின்றது.

யாரும் கை தட்டவில்லை. இத்தனை நாளாக இதற்காகத்தான் காத்திருந்தேன், ஆனால் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஆசாரியைத் திரும்பிப் பார்க்கவே கூசியது. கிட்டப் போய், "தப்பாப் பேசிட்டேன் அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, வெறுமனே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

"பட்டறை இருக்கட்டும். பிரிச்ச கூரைய நம்ம ஆளுகளே வந்து போட்டுக் குடுப்பாக. தெருவுல நாலு வீட்டுக்கும் நானே சொல்லி அனுப்புறேன்" என்றார் ஆச்சி. அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். சொல்லிவிட்டு அவர் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. பாயைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ இங்க வந்து ஆறு வருஷமாச்சு. கடையில ஒரு வீசை புளி, ஒரு வீசை கத்திரிக்கா வாங்கியிருக்க மாட்டே? எடை கொறையிதேன்னு ஒன் கைக்குத் தெரியலயா?"

"வாங்குனதில்ல ஆச்சி."

"ஒரு தடவ கூடவா?"

"யாருக்கு வாங்க?" என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பாய் நிறுத்தவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அங்க வாங்குவேன். வெள்ளிக்கிழம தொழுதுட்டு வாரப்ப ஒரு வீசை மீனு வாங்குவேன். ஜாஹிதாதான் தூக்கிட்டு வரும். கனக்குது வாப்பான்னு சொல்லும், குடுன்னா குடுக்காது. வீடு வரைக்கும் அதுதான் தூக்கும். ஆசியா திங்கக்கிழம போனா. இது புதன்கிழம போச்சு. அப்புறம் நான் எதையும் நிறுத்து வாங்கல."

ஆசியா அவர் மனைவி. அவள் இறந்தது ஊருக்கே தெரியும். ஒரு பெண் குழந்தை இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செட்டியார் எழுதவில்லை, பாய் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. ஊமைச்சாமி என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவன் நான். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பெத்தனாசாரிதான் கிட்டப் போனார். ஒரு வாரமாக இந்த மனுஷரால் தெருத்தெருவாகத் திருடன் என்று பேர் வாங்கியவர். பாய்க்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு எத்தன வயசு பாய்?"

"ஏழு" என்றார் பாய்.

பிறகு, யாரும் கேட்காமலே, அவரே சொன்னார்:

"இருந்தா இப்பப் பதிமூணு."